ஏலக்காட்டுக் குளிருக்கு ஓர் உடை

கிழக்கு வெளுப்பதற்கு வெகுநேரம் முன்பே எழுந்து, சோற்றையும் குழம்பையும் தூக்குச்சட்டியில் அடைத்துக்கொண்டு, சேலைக்கு மேலே கணவனுடையதோ மகனுடையதோ ஆன முழுக்கைச் சட்டை ஒன்றை மாட்டி, தலையில் துண்டைச் சுற்றி, கம்பத்திலும் கூடலூரிலும் கோம்பையிலும் தேவாரத்திலும் போடியிலும் ஜீப் வரும் திசையைப் பார்த்தபடி தெருமுனையில் நிற்கிற பெண்களை நம் தேனி ஜில்லாவில் அறியாதவர் எவரும் இல்லை. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மலைப்பாதைகளின் வழியாக இடுக்கி ஜில்லாவின் ஏலத்தோட்டங்களுக்குக் காலையில் ஏறி மாலையில் இறங்குகிற இந்தத் தொழிலாளிகளின் கை படாமல், போடியிலும் புற்றடியிலும் ஏலம் கூறப்படுகிற காய் மூட்டைக்குள் போவதில்லை. அவர்களுடைய கூலியைப் பற்றியும், அளவுக்கு மீறி ஆள் ஏற்றுகிற ஜீப் பிரயாணத்தின் அபாயத்தைப் பற்றியும் அவ்வப்போது பேசப்படுகிறது, பேசப்பட வேண்டியதுதான். அவர்கள் உடம்பில் ஏறுகிற குளிரைப் பற்றித்தான் பேச்சே எழுவதில்லை. குளிருடை என்பது மூணாற்றுக்கு உல்லாசப் பிரயாணம் போகிற வாரத்தில் வாங்கி, பிறகு பீரோவில் பூட்டி வைக்கிற ஆடம்பர வஸ்து என்ற எண்ணம் சமவெளிக்காரர்களாகிய நம்மிடையே வேரூன்றிவிட்டது. அந்த எண்ணம் தவறு. இலேசான, கதகதப்பான ஒரு ஜெர்கின், இந்தப் பள்ளத்தாக்கின் உழைப்பாளிக்கு அரிவாளுக்கும் கூடைக்கும் நிகரான தொழிற்கருவி என்பது என் திடமான அபிப்பிராயம்.

தேனியும் கம்பமும் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 300 முதல் 400 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. வண்டன்மேட்டைச் சுற்றியுள்ள ஏலக்காடுகளோ 1,000 மீட்டருக்கும் மேலே. ஆயிரம் மீட்டர் ஏறினால் உஷ்ணம் சுமார் 6 டிகிரி செல்ஷியஸ் இறங்கும் என்பது பள்ளிக்கூடத்துப் பூகோளப் பாடம். ஆனால் சரீரம் உணர்கிற குளிரை வெப்பமானி முழுவதும் சொல்லிவிடாது. பின்பக்கம் திறந்த ஜீப்பில், வளைவுக்கு வளைவு முகத்திலும் விலாவிலும் அறைகிற காற்று, உடம்பைச் சுற்றியிருக்கும் சூட்டை நிமிஷத்துக்கு நிமிஷம் பறித்துக்கொண்டு போகிறது. தோட்டத்துக்குள் இறங்கியதும், ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும் ஏலச்செடியின் இலைகளிலிருந்து இரவெல்லாம் சேர்ந்த பனிநீர் தோளிலும் முழங்கையிலும் கொட்டுகிறது. காய் எடுப்பு மும்முரமாக நடக்கிற காலமோ ஆடி, ஆவணியில் தொடங்கித் தை மாதம் வரையில் நீள்வது. அதாவது தென்மேற்குப் பருவத்தின் சாரலும், ஐப்பசி, கார்த்திகையின் அடைமழையும், மார்கழிப் பனியும் ஒன்றையடுத்து ஒன்றாக வருகிற மாதங்கள் அத்தனையும் அவர்கள் மலைமேல்தான் இருக்கிறார்கள். பத்து மணிக்கு வெயில் ஏறினால் வியர்க்கிறது. மாலையில் கீழே இறங்கினால் பள்ளத்தாக்கின் புழுக்கம் எதிர்கொள்கிறது. ஒரே நாளில் இத்தனை சீதோஷ்ணங்களைக் கடக்கிறவர்களுக்குக் கனத்த கம்பளிக் கோட்டு பயன்படாது. போட்டால் சூடு தரவும், கழற்றினால் சுருட்டித் தூக்குச்சட்டிப் பைக்குள் திணித்துக்கொள்ளவும் தகுந்த உடைதான் அவர்களுக்கு வேண்டும்.

அப்படிப்பட்ட உடை எது என்று தெரிந்துகொள்ள, சூடு எப்படிக் காக்கப்படுகிறது என்பதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எந்தத் துணியும் தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. சூடு நம் ரத்தத்திலிருந்து வருவது. உடை செய்கிற உபகாரமெல்லாம், உடம்பைச் சுற்றி ஒரு காற்றுப் படலத்தை அசையவிடாமல் பிடித்து வைப்பதுதான். அசையாத காற்றைப்போலச் சூட்டைக் கடத்த மறுக்கிற பொருள்கள் உலகில் வெகு சில. தண்ணீரோ அதைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்திவிடும். ஆகவே நல்ல குளிருடைக்கு இலட்சணம் மூன்றே: காற்றை நிறையப் பிடித்து வைக்க வேண்டும், வெளிக்காற்று உள்ளே புகுந்து அதைக் கலைக்கவிடக் கூடாது, நனைந்தாலும் அந்தக் காற்றறைகள் ஒட்டிப்போகக் கூடாது. கனத்துக்கும் சூட்டுக்கும் நேரடியான சம்பந்தம் இல்லை. கனமாக இருந்தால்தான் குளிர் தாங்கும் என்று நம் ஜனங்கள் நினைப்பது, கம்பளியைத் தவிர வேறொன்றையும் கண்டறியாத காலத்தின் மிச்சம்.

காற்றைப் பிடித்து வைப்பதில் இயற்கையின் தலைசிறந்த சிருஷ்டி, நீர்ப்பறவைகளின் நெஞ்சுப்புறத்தில் வளரும் தூவி. நெடுநல்வாடை பாடிய புலவர், வாடைக்காற்று வீசும் இரவில் அரசமாதேவியின் படுக்கையில் அன்னத்தூவியை விரித்துக் காட்டுகிறார். அதன் மென்மையையும் கதகதப்பையும் தமிழர் அறிந்திருந்தார்கள் என்பதற்கு அது சாட்சி. அதே தூவியை உடுப்புக்குள் அடைத்து மலையேறலாம் என்று துணிந்தவர் ஜார்ஜ் ஃபிஞ்ச் என்னும் இரசாயன சாஸ்திரி. 1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் சிகரத்தை நோக்கிச் சென்ற கோஷ்டியில், பலூன் துணிக்குள் வாத்துத்தூவி அடைத்துத் தைத்த அங்கியை அவர் அணிந்து வந்தபோது, கம்பளியும் பருத்தியும் உடுத்திய சகாக்கள் நகைத்தார்கள். மேலே குளிர் ஏற ஏற அந்த நகைப்பு பொறாமையாக மாறியது. அதே ஃபிஞ்ச் 1952 முதல் 1957 வரையில் புனாவிலுள்ள தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்துக்குத் தலைவராக இருந்து நம் நாட்டுக்கும் பணியாற்றினார் என்பது இங்கே நினைவுகூரத் தகுந்தது. அமெரிக்காவில், குளிர்காலத்தில் மீன் பிடிக்கப் போய், கம்பளிச் சட்டை நனைந்து உயிருக்கே ஆபத்து நேர்ந்த எடி பவர் என்னும் வியாபாரி, 1936இல் தூவியைக் கட்டம் கட்டமாகத் தைத்த ஜெர்கினைச் சமைத்து, 1940இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். இன்று கடைகளில் தொங்குகிற, வரிவரியாக உப்பிய ஜெர்கின்கள் எல்லாம் அந்த வம்சத்தில் வந்தவையே.

ஆனாலும் ஏலக்காட்டுக்குத் தூவி ஜெர்கின் வேண்டாம் என்றே சொல்வேன். அது விலை உயர்ந்தது என்பது ஒரு காரணம். முக்கியமான காரணம், ஈரம் பட்டால் தூவி கட்டி தட்டிச் சுருங்கிவிடும், சூடு அதோடு போய்விடும். லடாக்கின் வறண்ட குளிருக்கு அது அமிர்தம். இலையெல்லாம் சொட்டுகிற ஏலமலையில், துவைத்தால் மூன்று நாள் ஆனாலும் காயாத கார்த்திகை மாதத்தில், அதற்கு வேலை இல்லை. இந்தக் குறையைக் கண்டுதான், நனைந்தாலும் சூடு காக்கும் மாற்றுப் பஞ்சு ஒன்று வேண்டுமென்று 1980களில் அமெரிக்க ராணுவம் தேடியது. மிக நுண்ணிய பாலியஸ்டர் இழைகளால் ஆன பஞ்சு பிறந்தது. அந்த இழை தண்ணீரை உறிஞ்சாது. உதறிக் கொடியில் போட்டால் விரைவில் காய்ந்துவிடும். தூவியைவிடச் சற்றுக் கனம் கூடுதல், அவ்வளவுதான். நம் தேவைக்கு இதுவே பொருத்தம்.

கடைக்காரர் காட்டுகிற பெயர்ப் பட்டையைப் பார்த்து மயங்காமல், ஜெர்கினைக் கையில் எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவே நன்றாக அழுத்திவிட்டு விடுங்கள். உடனே உப்பி எழுந்தால் பஞ்சு உயிருள்ளது. அமுங்கியே கிடந்தால் அது வெறும் துணிக்கழிவு. பிறகு வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள்: தையல் கட்டங்களின் ஓரத்தில் பஞ்சு ஒதுங்கி, நடுவே வெறுமையாகத் தெரிகிறதா என்று கவனியுங்கள். தையல் போன வரிகளிலெல்லாம் குளிர் நுழையும் என்பதால், வரிகள் நெருக்கமாக ஓடுகிற ஜெர்கினைவிட அகலமாக ஓடுவது நல்லது. அளவுக்கு மீறி அகலமானால் பஞ்சு கீழே இறங்கி மூட்டையாகிவிடும். வெளித்துணியில் வாயை வைத்து ஊதிப் பார்த்தால் காற்று எளிதில் மறுபுறம் போகக் கூடாது. கம்பம் கணவாயின் வழியாக ஆடி மாதத்தில் வீசுகிற காற்றை, காற்றாலைகள் சுழல்கிற இந்த ஊர்க்காரர்களுக்கு நான் வர்ணிக்க வேண்டியதில்லை.

உருவத்தைப் பற்றித்தான் தயாரிப்பாளர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. ஏலக்காய், மரத்தில் தொங்குகிற காய் அன்று. செடியின் அடித்தூரிலிருந்து தரையோடு தரையாக நீளும் சரங்களில் காய்ப்பது. அதைப் பறிக்கிறவள் நாள் முழுவதும் குனிந்தும் குத்துக்காலிட்டும் ஈரமண்ணில் நகர்ந்துகொண்டே இருக்கிறாள். மோட்டார் சைக்கிள் வாலிபர்களை மனத்தில் வைத்து இடுப்போடு நறுக்கித் தைத்த ஜெர்கினைப் போட்டுக்கொண்டு அவள் குனிந்தால், முதுகின் அடிப்பாகம் திறந்து கொள்ளும். குளிரும் சாரலும் நேரே அங்கேதான் விழும். ஜெர்கின் இடுப்புக்குக் கீழே ஒரு சாண் இறங்க வேண்டும். கொசுவத்தின் மேல் இறுக்காமல் விரிந்து கொடுக்க வேண்டும். இலைநீர் கைக்குள் வழியாதபடி மணிக்கட்டில் எலாஸ்டிக் பிடிக்க வேண்டும். கழுத்து உயர்ந்து, ஜிப்பு தாடை வரையில் ஏற வேண்டும். முந்தானையைச் செருகி வேலை செய்கிற பெண்ணின் உடல்வாகுக்கு இப்படி ஓர் உடையைத் தைக்க, அயல்நாட்டாருக்கெல்லாம் ஆடை தைத்து அனுப்புகிற திருப்பூருக்குத் தெரியாதா? கேட்பார் இல்லாததால் தைப்பார் இல்லை. ஆண்களின் அளவில் தைத்ததையே வாங்கி, கையை மடித்துவிட்டுக் காலம் தள்ளுகிறார்கள் நம் பெண்கள்.

இப்போது பழக்கத்தில் இருக்கிற மற்ற உடைகளில் பனியன் துணியில் தைத்த தொப்பிச் சட்டையை நான் முற்றிலும் நிராகரிக்கிறேன். பருத்தி, வியர்வையையும் பனியையும் ஒருங்கே குடித்துக்கொண்டு, நாள் முழுவதும் உடம்பைக் குளிர வைக்கும். ரெக்சின் ஜெர்கின் காற்றைத் தடுக்கும், ஆனால் வியர்வையையும் வெளியே விடாது. வேலை செய்கிறவனுக்கு அது உள்ளிருந்தே நனைகிற உடை. கம்பளி ஸ்வெட்டரை நான் குறைசொல்ல மாட்டேன். ஈரத்திலும் ஓரளவு சூடு தருகிற குணம் அதற்கு உண்டு. காற்று அதில் ஊடுருவும், நனைந்தால் கனக்கும் என்பதுதான் குறை. ஒன்றை மறக்கக் கூடாது: ஜெர்கின் எதுவும் மழைக்கோட்டு ஆகாது. கொட்டுகிற மழைக்கு அதன்மேல் பிளாஸ்டிக் தாளையோ கொங்காணியையோ போட்டே தீர வேண்டும்.

வாங்குவதைப் போலவே பேணுவதும் முக்கியம். கல்லில் அடித்துத் துவைத்து முறுக்கிப் பிழிகிற நம் வழக்கம், ஒரே மாதத்தில் பஞ்சைத் திரட்டி மூலையில் ஒதுக்கிவிடும். வாளித் தண்ணீரில் கொஞ்சம் சோப்புத்தூள் கரைத்து ஊறவைத்து, கையால் அமுக்கி அமுக்கி அலசினால் போதும். அடுப்பின் அருகிலோ, தோட்டத்தில் மூட்டுகிற கணப்பின் அருகிலோ அதைக் கொண்டுபோகலாகாது. இந்த இழை தீப்பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். மருந்தடிக்கிற நாளில் அதை அணியவே வேண்டாம். ஏலத்துக்கு அடிக்கப்படுகிற பூச்சிமருந்து துணியில் தங்கினால், அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்குகிறவள் மருந்தையும் அல்லவா தூக்கிச் செல்கிறாள்?

இனி, யார் வாங்கித் தருவது என்ற கேள்வி. குளிரில் விறைத்த விரல் வேகமாகக் காய் பறிக்காது. நடுங்குகிற உடம்பு, வேலைக்கு வேண்டிய பலத்தை நடுக்கத்திலேயே செலவழித்துவிடும். ஆகவே ஜெர்கினால் தோட்ட முதலாளிக்கும் லாபம்தான். லாபத்தை விட்டுவிட்டு நியாயத்தைப் பார்த்தாலும், மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் தொழிலாளரைக் காக்கக் குடை, கம்பளி, மழைக்கோட்டு முதலியவற்றை முதலாளி கொடுக்கும்படி மாநில சர்க்கார்கள் விதி செய்யலாம் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 17ஆம் பிரிவு அன்றே சொல்லிவைத்தது. அந்தச் சட்டம் இப்போது 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் அடங்கிவிட்டது. பழைய சட்டத்தின் எல்லை 5 ஹெக்டேரும் 15 தொழிலாளரும் என்று நின்றதால், சிறு தோட்டங்களுக்கு நாள் கூலியாகப் போகிறவர்களை அது எட்டவே இல்லை. ஜீப்பில் ஏறுகிறவர்கள் ஒரு மாநிலத்தில் குடியிருந்து மற்றொரு மாநிலத்தில் உழைக்கிறவர்களாதலால், இரு சர்க்கார்களும் அவர்களை மற்றவர் பொறுப்பு என்று விட்டுவிடுவது எளிதாகிவிடுகிறது. தமிழக, கேரளத் தொழிலாளர் இலாகாக்கள் கூடிப் பேசி, தோட்டம் சிறிதாயினும் பெரிதாயினும் குளிருடை கொடுத்தாக வேண்டும் என்று விதி செய்ய வேண்டும்.

விதி வரும் வரையில் காத்திருக்க வேண்டாம் என்பது ஏலத்தோட்ட முதலாளிகளுக்கு என் வேண்டுகோள். போனஸ் கொடுக்கிற மனம் உள்ளவர்கள் உங்களில் பலர். அடுத்த காய் எடுப்பு தொடங்குமுன், உங்கள் தோட்டத்துக்கு வழக்கமாக வருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆணுக்கும், அவரவர் அளவுக்குத் தக்கபடி, நனைந்தாலும் சூடு காக்கும் பஞ்சு அடைத்த ஜெர்கின் ஒன்றை வாங்கிக் கொடுங்கள். அதன் விலையைக் கூலியில் பிடித்துக்கொள்ளாதீர்கள்.