பின்மோட்டார் காரைக் கொன்றது யார்? (த்ரெட்)

1/ ரிமோட் கார் பந்தயம் நடக்கிற கிளப்புகளில் ஒரு புலம்பல் ஓயாமல் கேட்கும். "மோட்டார் பின்னாடி இருந்ததே, அதுதான்யா பொற்காலம். இப்ப வர்ற காரெல்லாம் தானா ஓடுது. ஓட்டுறவனுக்குத் திறமையே வேண்டாம்."
நான் இங்கிலாந்தில் வேலை பார்க்கும் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் இந்த விளையாட்டுதான். இந்தப் புலம்பலுக்கு ஒரு பதில் எழுதியே ஆகணும். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/ தெரியாதவங்களுக்காக: இது பொம்மைக் கடை கார் இல்லை. நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவு, எடை சுமார் ஒன்றரை கிலோ. மேடு பள்ளம் தாண்டி ஓடும் "பக்கி" வகை. பின்சக்கரம் மட்டும்தான் வண்டியைத் தள்ளும். அந்தப் பின் அச்சுக்குப் பின்னால் மோட்டார் இருந்தால் பின்மோட்டார், முன்னால் இருந்தால் நடுமோட்டார். சண்டையே இந்தச் சில சென்டிமீட்டருக்குத்தான்.

3/ 1984-ல் டமியாவின் ஹார்னெட், கிராஸ்ஹாப்பர் வந்தன. அதே வருஷம் அமெரிக்காவில் அசோசியேட்டட் நிறுவனத்தின் ஆர்சி10 வந்தது. தங்க நிற அலுமினிய சேசிஸ், எண்ணெய் நிரப்பிய ஷாக் அப்சார்பர். 1985-ல் கலிபோர்னியாவின் டெல் மாரில் நடந்த உலகப் போட்டியில் இரு சக்கர இயக்கப் பிரிவை ஜெயித்தது அதுதான். இவை எல்லாமே பின்மோட்டார்.

4/ ஏன் பின்னாடி வெச்சாங்க? அன்னிக்கு ஓடினது காய்ந்த மண்ணில், புழுதியில். மாட்டுவண்டியில் மூட்டை ஏத்தினவங்களுக்கு முன்பாரம் பின்பாரம் தெரியும். சேற்றில் பைக் வழுக்கினால் பின்னாடி ஒருத்தரை ஏறி உட்காரச் சொல்றோமே, அதே கணக்குதான். தள்ளுகிற சக்கரத்தின் மேல் பாரம் இருந்தால்தான் அது மண்ணைப் பிடிக்கும்.

5/ இதில் ஒரு கலையும் உண்டு, மறுக்கவே மாட்டேன். பாரம் முழுக்கப் பின்னால் இருப்பதால் முன்சக்கரம் லேசாக நிற்கும், திரும்பாது. வளைவுக்கு முன்னால் பிரேக் தொட்டு, பாரத்தை முன்னுக்குத் தள்ளி, வண்டி திரும்பின பிறகு விரலைப் பூப்போல அழுத்தணும். அவசரப்பட்டால் சுற்றிவிடும். அதைப் பழகினவர்களுக்கு என் மரியாதை எப்பவும் உண்டு.

6/ அப்புறம் என்ன ஆச்சு? கார் மாறுவதற்கு முன்னாடி தரை மாறிச்சு. இங்கே மழை நிற்காது. மண் தடத்துக்கு இடம் வேணும், பராமரிக்க ஆள் வேணும். பள்ளிக்கூட ஹாலை வாடகைக்கு எடுத்து, கம்பளத்தை விரித்து, சாயங்காலம் சுருட்டி வைப்பது சுலபம். வெளியில் ஓட்டுகிற இடங்களிலும் செயற்கைப் புல் வந்துடுச்சு.

7/ கம்பளத்தில் பிடிமானம் ஏகத்துக்கும் இருக்கு. பின்சக்கரத்துக்குப் பாரம் கொடுத்து உதவ வேண்டிய அவசியமே இல்லை. இப்போ முன்சக்கரம்தான் பட்டினி. பின்மோட்டார் கார் வளைவில் திரும்பாமல் நேரே போய்ப் பலகையில் இடிக்கும். மோட்டாரை அச்சுக்கு முன்னால் கொண்டு வந்தால் பாரம் நடுவுக்கு வரும், வண்டி சட்டென்று திரும்பும்.

8/ இதைத் தயாரிப்பாளர்கள் யார் மேலும் திணிக்கலை. 2011 வாக்கில் வந்த டிஎல்ஆர் 22 காரில் ஒரே பெட்டிக்குள் இரண்டு வழியும் இருந்தது. பின்மோட்டாராகவும் பூட்டலாம், நடுமோட்டாராகவும் பூட்டலாம். எது வேணும்னு தீர்மானிச்சது தரைதான். புழுதியில் இன்னிக்கும் பின்பாரம் உதவும்.

9/ டாக்டர் பாஷையில் சொல்றேன். தரைதான் நோயாளி, கார் மருந்து. நோயாளி மாறினால் மருந்தும் அளவும் மாறும். புது மருந்தைப் பார்த்து "இதுதான் நோயையே கொண்டுவந்துச்சு"ன்னு திட்டுவது என்ன நியாயம்? பின்மோட்டாரைக் கொன்றது நடுமோட்டார் இல்லீங்க. நாம் காசு போட்டு வாங்கி விரித்த கம்பளம்.

10/ "அந்தக் காலம்" பற்றி இன்னொண்ணு. சுமார் 10 வயதிலிருந்து 30 வயது வரை நடந்தவைதான் பிற்காலத்தில் அதிகமாகவும் தெளிவாகவும் நினைவுக்கு வரும். உளவியலில் நன்றாகப் பதிவான விஷயம் இது. 1980-களில் பையனாக இருந்தவருக்கு ஆர்சி10 தங்கமாக மின்னத்தான் செய்யும். மின்னுவதில் பாதி அலுமினியம், பாதி அவருடைய பதினைந்து வயசு.

11/ நினைவில் விட்டுப்போனதையும் சொல்லணுமே. 1200 எம்ஏஹெச் நிக்கல் காட்மியம் பேட்டரி, பந்தயம் முடியும் முன்னே மூச்சு வாங்கும். மோட்டாரில் கார்பன் பிரஷ் தேயும். கம்யூட்டேட்டரை லேத்தில் கடைந்து எடுக்கணும். அதற்கு வசதி இருந்தவர் முன்னால் ஓடினார், இல்லாதவர் பின்னால் ஓடினார். அதுக்குப் பேரும் திறமைதானா?

12/ இதெல்லாம் சும்மா பெருசுகள் பேச்சுன்னு விட்டுடலாம். ஆனால் விலை கொடுப்பது வேற ஆள். பிறந்தநாளுக்கு வாங்கின காரைத் தூக்கிட்டு ஒரு பன்னிரண்டு வயசுப் பிள்ளை முதல் தடவையா வருது. பக்கத்து மேஜையில் இருக்கிறவர் "இதெல்லாம் ஒரு காரா, எங்க காலத்துல..."ன்னு ஆரம்பிக்கிறார். அடுத்த வாரம் அந்தப் பிள்ளை வருமா? நான் போகிற கிளப்புகளில் மேஜைகளைச் சுற்றி நரைத்த தலைகள்தான் அதிகம். இப்படியே பேசிட்டிருந்தால் பின்மோட்டாரும் இருக்காது, நடுமோட்டாரும் இருக்காது. ஹாலைப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்.

13/ பழைய கார் மேல் உண்மையிலேயே பாசம் இருக்கா? ஆர்சி10-ஐ அந்த நிறுவனமே 2013-ல் மறுபடி வெளியிட்டது. வாங்குங்க, ஓட்டுங்க. பழைய கார்களுக்குத் தனிப் பிரிவு நடத்துங்க. ஆனால் கம்பளத்தில் வேண்டாம். கோடையில் ஒரு நாளாவது மண்ணுக்குப் போங்க. மண்வெட்டியோடு முதல் ஆளாக நீங்க நில்லுங்க, இரண்டாவது ஆளாக நான் வர்றேன்.

14/ அன்னிக்கு அந்தப் பன்னிரண்டு வயசுப் பிள்ளை கையில் உங்க பழைய காரின் ரிமோட்டைக் கொடுங்க. வளைவில் ரெண்டு தடவை சுற்றும். மூணாவது தடவை விரலை மெதுவா விடக் கத்துக்கும். திறமை திறமைன்னு நீங்க சொல்றீங்களே, அதைக் கொடுத்துட்டுப் போக வேற வழி கிடையாது.