சுகர் மிஷின் யார் கையில்?

கோவை வட்டாரத்தில் ஒரு பஞ்சாலை. பெயர் வேண்டாம். எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான். ஆலை வாசலில் பந்தல் போட்டு, வாழை மரம் கட்டி, ‘இலவச சர்க்கரை நோய் பரிசோதனை முகாம்’ என்று தட்டி வைத்தார்கள். இரவு ஷிப்டு முடிந்து வந்த தொழிலாளர்களை வரிசையில் நிறுத்தினார்கள். ஸ்பின்னிங்கில் பதினெட்டு வருஷம் உழைத்த ஒரு தோழர், பசி தாங்காமல் பெட்டிக்கடையில் இரண்டு வாழைப்பழம் வாங்கி உரித்துத் தின்றுவிட்டு, அந்தக் கையோடு வரிசையில் நின்றார். விரலில் குத்தினார்கள். மிஷின் 347 என்று காட்டியது.

மறுநாள் அவருக்கு வேலை இல்லை! “சர்க்கரை இறங்கட்டும், பிறகு வா” என்றார் மானேஜர். சம்பளத்தோடு லீவா? அந்தப் பேச்சே கிடையாது. பதினெட்டு வருஷ உழைப்பை ஒரு சொட்டு ரத்தத்தில் கணக்குத் தீர்த்துவிட்டார்கள்!

சங்கத் தோழர்கள் சும்மா இருக்கவில்லை. அவரை சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். வெறும் வயிற்றில் நரம்பில் ரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்தில் பார்த்தார்கள். 94! நோயே இல்லாத மனிதர்! வாசல் கூட்டம் போட்டுக் கேட்ட பிறகு, ஐந்தாம் நாள் வேலையும் நான்கு நாள் கூலியும் கிடைத்தன.

முகாமில் மிஷின் காட்டிய 347 எங்கிருந்து வந்தது? வாழைப்பழத்திலிருந்து வந்தது! பழம் உரித்த விரலைக் கழுவாமல் குத்தினால் கணக்கு தாறுமாறாக ஏறும் என்பதை ஜப்பான் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2011இல் சோதித்தே காட்டியிருக்கிறார்கள். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தும் போதவில்லை. தண்ணீரில் கழுவிய பிறகே சரியான கணக்கு வந்தது. பந்தலுக்கும் வாழை மரத்துக்கும் காசு இருந்தது. ஒரு வாளித் தண்ணீருக்கும் ஒரு சோப்புக் கட்டிக்கும் காசு இல்லை! இதுதான் முதலாளியின் தர்மம்!

மிஷினை உடைக்கவா?

“அப்படியானால் இந்த மிஷினே பித்தலாட்டம்தானே?” என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். இல்லை, தோழர்களே! இது நல்ல கருவி. உள்ளங்கையில் அடங்கும். அரை சொட்டு ரத்தம் போதும், சில விநாடியில் விடை சொல்லும். தறியும் டிராக்டரும் முதலாளி கையில் இருப்பதால் அவை கெட்டவை ஆகிவிடுமா? கருவி யார் கையில், யார் அறிவில், யார் நன்மைக்கு என்பதுதான் கேள்வி.

“சர்க்கரை பணக்காரன் வியாதி” என்ற பழைய பேச்சையும் மூட்டை கட்டி வையுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளிவந்தது. இந்த நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்கிறது அது. இத்தனை பேரும் பங்களாவாசிகளா? இரவு ஷிப்டு மாறி மாறி உழைப்பவர்களை இந்நோய் அதிகமாகப் பிடிக்கிறது என்று ஆய்வுகள் பலமுறை சொல்லிவிட்டன. ஆனால் தொழிலாளிக்கு என்ன உபதேசம்? “வாயைக் கட்டு!” பழைய சோறும் ரேஷன் அரிசியும் தின்கிறவன் எதைக் கட்டுவது? தூக்கத்தைக் கெடுக்கும் ஷிப்டை அல்லவா கட்ட வேண்டும்!

மிஷின் எப்போது பொய் சொல்லும்?

கதிர் அரிவாளைத் தீட்டத் தெரிந்த கைக்கும், ஓடும் ஸ்பிண்டிலில் இழை முடியத் தெரிந்த கைக்கும் இந்த மிஷின் பெரிய வித்தையல்ல. ஆனால் பராமரிக்காத கருவி பொய் சொல்லும். அதன் சூட்சுமத்தை அறிந்துகொள்ளுங்கள்.

ரத்தத்தைத் தொடும் சின்னப் பட்டைக்கு ஸ்டிரிப் என்று பெயர். அதன் நுனியில் ஒரு நொதி தடவியிருக்கிறது. உறைமோர் பாலில் வேலை செய்வதுபோல் இது ரத்தத்தில் உள்ள சர்க்கரையின் மேல் வேலை செய்யும். அப்போது மிக நுண்ணிய மின்சாரம் பிறக்கிறது. மிஷின் அந்த மின்சாரத்தை அளந்து எண்ணாகக் காட்டுகிறது. ஆக, நொதி கெட்டால் கணக்கும் கெட்டது.

நொதிக்கு இரண்டு எதிரிகள்: சூடு, ஈரம். ஸ்டிரிப்பை 30 டிகிரிக்கு மேல் சூடு ஏறும் இடத்தில் வைக்காதீர்கள் என்று பெரும்பாலான டப்பிகளில் அச்சடித்திருக்கிறது. சித்திரை மாதத்தில் தகரக் கொட்டகையிலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையடியிலும் குடியிருக்கும் நமக்கு 30 டிகிரி எங்கே கிடைக்கும்? ஏர்கண்டிஷன் வீட்டை மனதில் வைத்து எழுதிய விதி அது! ஆயினும் நம்மால் ஆனதைச் செய்வோம். கூரைக்குப் பக்கத்தில், அடுப்பு மேடையில், சைக்கிள் பெட்டியில் வைக்காதீர்கள். வீட்டில் மிகக் குளிர்ந்த மூலை எதுவோ, தரையோரமோ பானைக்குச் சற்றுத் தள்ளியோ, அங்கே ஈரம் படாமல் வையுங்கள். ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டாம். வெளியே எடுத்ததும் ஈரம் கோத்துக்கொள்ளும்.

ஸ்டிரிப்பை அதன் டப்பியிலேயே வைக்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சும் பொருள் அந்த டப்பியில்தான் இருக்கிறது. ஒன்றை எடுத்தவுடன் மூடியை அழுத்தி மூடுங்கள். காகிதத்தில் மடித்துச் சுருக்குப் பையில் போட்ட ஸ்டிரிப், புகையிலைத் தூளோடு சேர்ந்து பொய் சொல்லும். காலாவதித் தேதியைப் பாருங்கள். டப்பி திறந்தபின் இத்தனை மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று எழுதியிருந்தால், திறந்த தேதியை டப்பியின்மேல் குறித்து வையுங்கள். மிஷினுக்குக் கோடு எண் உண்டென்றால், டப்பியில் உள்ள எண்ணும் மிஷின் காட்டும் எண்ணும் ஒன்றுதானா என்று சரிபாருங்கள்.

இனி கை. சோப்புப் போட்டுக் கழுவுங்கள், நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். ஈர விரலில் குத்தினால் தண்ணீர் கலந்து கணக்கு இறங்கிவிடும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்துங்கள், வலி குறையும். ரத்தம் வரவில்லையென்று எலுமிச்சம்பழம்போல் பிழியாதீர்கள். கையைத் தொங்கவிட்டு, உள்ளங்கையிலிருந்து விரல் பக்கம் மெதுவாக நீவினால் தானே வரும். வயலில் தண்ணீர் இல்லாத இடமா? முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாம் சொட்டைக் கொடுங்கள். ஆனால் வெல்லமோ பழமோ கரும்போ தொட்ட கையானால் கழுவாமல் குத்தவே கூடாது.

மிஷினை லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். ஸ்டிரிப் செருகும் வாயில் தண்ணீரோ பஞ்சுத் தூசியோ போகக் கூடாது. பாட்டரி தீருமுன் மாற்றுங்கள். சந்தேகம் வந்தால் கம்பெனி தரும் சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். டப்பியில் போட்டிருக்கும் எல்லைக்குள் எண் வர வேண்டும். அது கிடைக்காவிட்டால், ஆஸ்பத்திரியில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கும் நாளில் மிஷினையும் கொண்டுபோய் அதே நேரத்தில் குத்திப் பார்த்து, இரண்டு எண்ணையும் ஒப்பிடுங்கள்.

இத்தனை செய்தாலும் மிஷின் தராசு முள் அல்ல. 2013ஆம் வருஷத்து சர்வதேசத் தரவிதியே 100க்கு மேற்பட்ட கணக்கில் 15 சதம் முன்பின் வரலாம் என்கிறது. உண்மை 200 என்றால் மிஷின் 170 என்றும் காட்டலாம், 230 என்றும் காட்டலாம். ஆகவே இதை வைத்து ‘உனக்கு நோய்’ என்று முத்திரை குத்த முடியாது. ஆய்வுக்கூடச் சோதனையும் டாக்டருமே அதைச் சொல்ல வேண்டும். மானேஜருக்கு அந்த அதிகாரத்தை யார் கொடுத்தது?

ரத்தமில்லாத உடம்பில்...

இன்னொரு விஷயம் உண்டு. விவசாயத் தொழிலாளப் பெண்கள் இதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ரத்தசோகை உள்ளவருக்கு இந்த மிஷின் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். ரத்தத்தில் சிவப்பணு குறைந்தால் கணக்கு மேலே போகும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! நாற்று நட்டு நாட்டுக்குச் சோறு போடுகிற பெண்ணுக்கு வயிறு நிறையச் சோறில்லை; அவள் ரத்தத்தை அளக்க வந்த மிஷினும் அவளிடம் சரியாகப் பேசுவதில்லை!

இதில் உயிர் ஆபத்து இருக்கிறது. சர்க்கரை மாத்திரை விழுங்கிவிட்டு, சாப்பிடாமல் உச்சி வெயிலில் குனிந்து நடுகிறாள் ஒருத்தி. வியர்க்கிறது, கை நடுங்குகிறது, கண் இருட்டுகிறது. மிஷின் 85 என்கிறது. 70க்குக் கீழே போனால்தான் ஆபத்து என்று படித்தவர்கள் சொன்னார்களே என்று அவள் காத்திருக்கக் கூடாது! உடம்பை நம்பு, அம்மா! மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடி. பதினைந்து நிமிஷம் உட்கார். மறுபடி குத்திப் பார். தேறாவிட்டால் இன்னொரு முறை குடி, தேறியதும் சோறு சாப்பிடு. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108க்குச் சொல்லுங்கள். அந்தப் பதினைந்து நிமிஷத்துக்குக் கூலி பிடிக்க வரும் மேஸ்திரியை மற்ற பெண்கள் பார்த்துக்கொள்ளட்டும்!

நம் தவறையும் சொல்வோம்

முதலாளியை ஏசிவிட்டு நம் முற்றத்தைப் பெருக்காமல் விடலாமா? சென்ற வருஷம் நாங்களே ஒரு கிராமத்தில் முகாம் நடத்தினோம். நல்ல எண்ணம், நல்ல கூட்டம். ஆனால் ஊசி போடும் பேனா ஒன்றே ஒன்று. ஊசியை மாற்றினோம், பேனாவை மாற்றவில்லை. ஒரு நர்ஸ் அம்மாள் வந்து தடுத்தார். இப்படிப் பேனாவைப் பலருக்கும் பயன்படுத்தியதால் மஞ்சள் காமாலைக் கிருமி பரவியது அமெரிக்க ஆஸ்பத்திரிகளிலேயே நடந்திருக்கிறது. ஒருவருக்கு ஒரு பேனா. பலருக்குப் பார்ப்பதென்றால் ஒருமுறை குத்தியதும் தானே மூடிக்கொள்ளும் ஊசி. புருஷன் பெண்சாதியானாலும் ஊசியில் பங்கு கிடையாது. குத்திய ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடி, சுகாதார நிலையத்தில் ஒப்படையுங்கள். குப்பையில் வீசினால் குத்துப்படுவது யார்? தூய்மைப் பணியாளர், நம் வர்க்கச் சகோதரர்!

மிஷின் தூண்டில், ஸ்டிரிப் கொள்ளை!

கம்பெனிக்காரர்கள் மிஷினை மலிவாகக் கொடுக்கிறார்கள், சில சமயம் இனாமாகவே கொடுக்கிறார்கள். தர்மமா? தூண்டில்! ஒரு கம்பெனியின் மிஷினுக்கு இன்னொரு கம்பெனியின் ஸ்டிரிப் பொருந்தாது. மாட்டிய மீன் ஆயுள் முழுதும் அவன் ஸ்டிரிப்பையே வாங்க வேண்டும். ஒரு ஸ்டிரிப் 20 ரூபாய் என்று வையுங்கள். இன்சுலின் போடுகிறவர் தினம் இரண்டு முறை பார்த்தால் மாதம் 1,200 ரூபாய். 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நூறு நாள் வேலைக் கூலி 336 ரூபாய். மூன்றரை நாளுக்கு மேல் வெயிலில் மண் வெட்டிய கூலி, எண் பார்ப்பதற்கு மட்டும்! மருந்துக்கு? சோற்றுக்கு?

2021 ஜூலையில் மத்திய விலை நிர்ணய ஆணையம் இந்த மிஷின் உள்ளிட்ட ஐந்து கருவிகளுக்கு வியாபார லாபம் 70 சதத்துக்கு மேல் போகக் கூடாது என்று உத்தரவு போட்டது. அதற்கு முன் 709 சதம் வரை லாபம் வைத்தார்கள் என்று சர்க்காரே சொன்னது. நோயாளியின் விரலில் இவர்கள் எடுத்தது ஒரு சொட்டு ரத்தமா, ஒரு குடம் ரத்தமா? 2025 செப்டம்பர் 22 முதல் மிஷினுக்கும் ஸ்டிரிப்புக்கும் வரி 12 சதத்திலிருந்து 5 சதமானது. குறைந்தது நல்லது. ஆனால் நோயாளியின் ஸ்டிரிப்பின்மீது அந்த 5 சதம்தான் எதற்கு?

“கண்டுபிடித்தவனுக்குக் கூலி வேண்டாமா?” என்று முதலாளித்துவப் பத்திரிகைகள் கேட்கும். கண்டுபிடித்தது யார்? இன்சுலினைத் தந்த பாண்டிங்கும் சகாக்களும் 1923இல் தலைக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு உரிமையை டொரண்டோ சர்வகலாசாலைக்குக் கொடுத்தார்கள். 1987இல் பேனா அளவில் முதல் மின்சார மிஷின் வந்ததே, அதன் மூளை இங்கிலாந்தின் கிரான்பீல்டு, ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலைகளில் பிறந்தது. அதற்கும் முன் 1970ஐ ஒட்டி அமெரிக்காவில் வந்த மிஷின் ஒரு கிலோவுக்கு மேல் எடை. டாக்டர்களுக்கு மட்டுமே விற்றார்கள். ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்ற எஞ்சினீயர், தானே நோயாளி, டாக்டரான மனைவியின் பெயரில்தான் வாங்க முடிந்தது. தன் ரத்தத்தைத் தானே அளந்து நோயை அடக்கிக் காட்டினார். நோயாளி கையில் மிஷின் வந்ததும் ஒரு போராட்டத்தின் பலன்தான்!

நம் கோரிக்கை

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீடு தேடி வந்து சர்க்கரை பார்க்க வழி செய்தது. அதை வரவேற்கிறோம். ஆனால் வந்து பார்ப்பது என்றோ ஒரு நாள். நோய் தினந்தோறும் இருக்கிறது. ஆகவே கேட்கிறோம்:

இன்சுலின் போடும் ஒவ்வொருவருக்கும் மாத்திரையோடு ஸ்டிரிப்பையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்திலும் இலவசமாகக் கொடு!

ஸ்டிரிப்புக்கு உச்ச விலை வை, வரியை நீக்கு!

விரல் குத்திய கணக்கைக் காட்டி எந்தத் தொழிலாளியையும் வேலையிலிருந்து நிறுத்தாதே! நோய் உறுதியானால் சம்பளத்தோடு சிகிச்சை கொடு!

ஆலையிலும் வயலிலும் நேரத்துக்குச் சாப்பிடவும், சர்க்கரை பார்க்கவும் இடைவேளை கொடு!

வீடு வீடாக நடக்கும் பெண் தன்னார்வலர்களுக்கு ஊக்கத்தொகை என்று கிள்ளிக் கொடுக்காமல் நிரந்தர வேலையும் நியாயமான சம்பளமும் கொடு!

“இதெல்லாம் நடக்குமா?” என்று கேட்பவர்களுக்கு ஒரு ஞாபகம். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதாவைச் சட்டசபையில் நிறைவேற்றினார்கள். தொழிற்சங்கங்கள் எழுந்தன. மே தினத்தன்று வாபஸ் அறிவிப்பு வந்தது! கேட்டதால் கிடைத்ததா, கும்பிட்டதால் கிடைத்ததா?

தோழர்களே! ஒவ்வொரு சங்கக் கிளையும் ஒரு மிஷினை வாங்குங்கள், இரண்டு பேருக்குச் சரியாகக் கற்றுக்கொடுங்கள். அடுத்த முகாம் ஆலை வாசலுக்கு வரும்போது ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் எடுத்துக்கொண்டு வரிசையின் முன்னால் போய் நில்லுங்கள். “முதலில் கை கழுவு, பிறகு குத்து!” என்று சொல்லுங்கள். நம் ரத்தத்தின் கணக்கை நாமே படிப்போம்! அதை வைத்து நம் கூலியைப் பறிக்க எவனையும் விடோம்!