உலகம் எழுதித் தந்த சுமங்கலித் திட்டம்!

மூன்றாண்டு வேலை செய். முடிவில் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாக வாங்கிக்கொண்டு மணமகளாய்ப் போ! இப்படிச் சொல்லித்தான் தொண்ணூறுகளின் இறுதியிலிருந்து கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகள் பல, சிற்றூர்களுக்குத் தரகரை அனுப்பி ஆள் பிடித்தன. போனவர்கள் யார்? பாவாடை தாவணிப் பருவத்துப் பெண்கள். பலர் ஒடுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள். படுப்பது ஆலை விடுதியில். வாசல் தாண்ட வேண்டுமென்றால் அனுமதி. இடையில் நோய் கண்டு வீடு திரும்பினால்? பல இடங்களில், மொத்தத் தொகை போயே போயிற்று!

அதற்கு இட்ட பெயர் சுமங்கலித் திட்டம்! திருமகள் திருமணத் திட்டம் என்றும் துண்டறிக்கை போட்டார்கள். வரதட்சணையைத் தடுக்க 1961-ல் சட்டம் வந்தது. அந்த வரதட்சணைக்கே காசு சேர்க்கச் சொல்லி, பெண்ணை விடுதியில் அடைத்து வேலை வாங்க ஒரு திட்டம். அதற்கொரு மங்கலப் பெயர்! மஞ்சள் பூசிவிட்டால் கொத்தடிமைத்தனம் மணக்குமா?

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். இதே பாணியில், இதைவிடப் பெரிய இடத்திலும் ஒரு சீட்டு எழுதப்பட்டது. 2015 செப்டம்பர் 25, நியூயார்க் நகரம். ஐக்கிய நாடுகள் அவையின் 193 நாடுகள், நிலையான வளர்ச்சி இலக்குகள் என்று 17 இலக்குகளை ஏற்றன. அவற்றுக்குள் 169 உட்பிரிவுகள்! வறுமை ஒழியும், பசி ஒழியும், கல்வி வரும், வேலை வரும், எல்லாம் 2030-க்குள்! பதினைந்தாண்டு பொறு, முடிவில் மொத்தமாக வாங்கிக்கொள்!

இலக்குகளை நாம் இகழவில்லை. எட்டாவது இலக்கைப் படித்தால், நம் பனியன் கம்பெனித் தோழன் உட்கார்ந்து எழுதியதோ என்றே தோன்றும். இளைஞருக்கும் கண்ணியமான வேலை, சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம்! எழுத்தில் குறையில்லை, தோழர்களே, தவணையில்தான் குறை.

ஏனெனில், இளையோருக்கென்று அந்த எட்டாவது இலக்கிலேயே 2030-க்கு முன்பாக இரண்டு தவணை வைத்தார்கள். படிப்பும் இன்றி, பயிற்சியும் இன்றி, வேலையும் இன்றி நிற்கும் இளைஞரின் விகிதத்தை 2020-க்குள் வெகுவாகக் குறைப்போம் என்றார்கள். 2020 வந்தது, கொரோனாவும் வந்தது. சரி, நோய் யாரைக் கேட்டு வருகிறது என்று விட்டுவிடலாம். 2023-லும் உலக இளைஞரில் ஐந்தில் ஒருவர் அப்படியே நின்றார்! நின்றவர்களில் மூவருக்கு இருவர் பெண்கள்!

அடுத்த தவணை, குழந்தைத் தொழிலை எல்லா வடிவிலும் 2025-க்குள் ஒழிப்பது. அந்த 2025-ம் போயிற்று. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் அவ்வாண்டு ஜூனில் வெளியிட்ட கணக்கு சொல்கிறது: 2024-ல் வேலையில் இருந்த குழந்தைகள் 13 கோடியே 80 லட்சம், ஆபத்தான வேலையில் மட்டும் 5 கோடியே 40 லட்சம். 2020-ல் 16 கோடி. அதைவிடக் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் வட்டிக்கடையில் ஏழை தவணை தவறினால் அண்டா குண்டா வீதிக்கு வருகிறது. உலகம் தவணை தவறினால்? இன்னொரு மாநாடு கூடுகிறது!

டில்லி என்ன செய்தது? ஒப்புக்கொண்ட மறு ஆண்டே, 2016-ல், குழந்தைத் தொழில் சட்டத்தைத் திருத்தியது. 14 வயதுக்குட்பட்டவரை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்றது. நன்று! ஆனால் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்றும் எழுதியது. அங்கேதான் ஓட்டை! திருப்பூரில் குடும்பம் எங்கே முடிகிறது, கம்பெனி எங்கே தொடங்குகிறது? திண்ணையில் மூட்டை இறங்குகிறது. அம்மா பிசிறு வெட்டுகிறாள். பக்கத்தில் உட்கார்ந்து வெட்டும் சிறுமி மகளா, தொழிலாளியா? 1953-ல் அரை நேரம் பள்ளி, அரை நேரம் அப்பன் தொழில் என்று ஆச்சாரியார் கொண்டுவந்தாரே, நினைவிருக்கிறதா? நாடு கொதித்தது, 1954-ல் அது ஒழிந்தது. வாசல் வழியே விரட்டியது புழக்கடை வழியே வருகிறது!

நிதி ஆயோக்கின் 2023-24 இலக்குப் பட்டியலில் தமிழகத்துக்கு 78 மதிப்பெண், முன்வரிசை. மார்தட்டலாம், தட்டவும் செய்கிறோம். ஆனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவில் வெளியே வருகிறானே ஒரு பையன், கைமடியில் சேர்ந்து, என்றாவது ஓவர்லாக்கில் உட்காரலாம் என்று காத்திருப்பவன், அவன் பங்கு அந்த 78-ல் எவ்வளவு?

பஞ்சப்படி கேட்டு 1984-ல் 127 நாள் வேலைநிறுத்தம் நடத்திய ஊர் இது. கேட்கத் தெரியாத ஊர் அல்ல. 2015-ல் பதினைந்து வயதில் ஆலை விடுதிக்குள் போன பெண்ணுக்கு 2030-ல் வயது முப்பது ஆகிவிடும்.

ஆகவே கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். உங்கள் தெருவில் பனியன் கம்பெனிக்கும் பஞ்சாலைக்கும் போகும் இளையோரைப் பாருங்கள். மூன்றே கேள்வி: வயது என்ன? எந்த வகுப்பில் பள்ளியை விட்டாய்? சம்பளச் சீட்டும் பி.எஃப். எண்ணும் உண்டா? பேர் வெளியே போகாமல் எண்ணிக்கையை மட்டும் எழுதி, மாவட்ட ஆட்சியரிடமும் தொழிலாளர் துறையிடமும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வாருங்கள்.