அவிழாத முடிச்சு எதுக்கு?

தை அறுவடை முடிஞ்ச கையோட என் தங்கச்சி மகன் சென்னையிலேர்ந்து சிநேகிதப் பசங்க மூணு பேரோட வந்திருந்தான். எங்க கிணத்து மேட்டுல டெண்ட் போட்டு ஒரு ராத்திரி தங்கிட்டு, மறுநாள் செஞ்சிக் கோட்டை ஏறணும்னு திட்டம். டெண்ட் கயித்தை வேப்ப மரத்துல முடிச்சு மேல முடிச்சா அஞ்சு போட்டாங்க.

"ஏம்பா இத்தனை?"ன்னு கேட்டேன்.

"காத்துல பிச்சிக்கினு போயிடக் கூடாதில்ல மாமா."

காலையில பனியில நனைஞ்ச கயிறு அவிழவே இல்ல. நகம் பேந்ததுதான் மிச்சம். கடைசியில கத்தியால அறுத்தாங்க. நல்ல கயிறு, விலையும் ஜாஸ்தியாம்.

சிரிப்பு வந்தது. ஆனா சிரிக்க எனக்கு யோக்கியதை கிடையாது.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது ஞாபகம் இருக்கும். எங்க மாவட்டத்துல மயிலத்துல மட்டும் ஒரே நாள்ல 51 சென்டிமீட்டர் மழை. காணையில எங்க மாட்டுக் கொட்டாய் பள்ளத்துல இருக்கு. கரண்ட் இல்ல, முழங்காலுக்கு மேல தண்ணி. ரெண்டு மாடு, ஒரு கிடேரி. சாயங்காலம் புது நைலான் கயித்துல கட்டும்போது, வழுக்குதேன்னு மூணு மூணு முடிச்சா போட்டிருந்தேன். மாடு மிரண்டு இழுக்க இழுக்க அது கல்லாட்டம் இறுகிடுச்சு. பல்லால கடிச்சுப் பாத்தேன். வீட்டுக்காரம்மா அருவாள் கொண்டாந்த பிறகுதான் அறுக்க முடிஞ்சது. மாடு ரெண்டும் மேடேறிடுச்சு. கிடேரி அதுக்குள்ள கயித்துல கால் மாட்டி விழுந்து தண்ணி குடிச்சிடுச்சு. பிழைக்கல. புயல் மேல பழி போடலாம். ஆனா முடிச்சு நான் போட்டது.

எங்க அப்பா அப்படிக் கட்ட மாட்டார். முளையைச் சுத்தி வந்த நுனியை முழுசா உள்ளே விடாம, மடிச்சுக் காது மாதிரி விடுவார். மாடு இழுத்தா இறுகும், நாம நுனியை இழுத்தா ஒரே நொடியில விட்டுடும். சில மாடு கெட்டிக்காரி, நுனியை வாயால இழுத்து அவிழ்த்துக்கினு பக்கத்துக் கழனியில போய் மேயும். அதுக்கு நுனியை அந்தக் காதுக்குள்ளயே ஒருதரம் விட்டுட்டா போதும்.

கழுத்துல போடறது இதுக்கு நேர் எதிர். அங்க உருவாஞ்சுருக்கு போட்டா ஆடு இழுத்து இழுத்தே செத்துடும். கயித்துல சின்னதா ஒரு வளையம் போட்டு, நுனியை அடியிலேர்ந்து அதுக்குள்ள ஏத்தி, நீளக் கயித்தைச் சுத்தி, வந்த வழியாவே இறக்கி இழுக்கணும். எவ்வளவு இழுத்தாலும் வளையம் சுருங்காது, அவிழ்க்கவும் சுலபம். கப்பல்காரங்க இதை போலைன்னு சொல்றாங்களாம். ஆத்துல ஆளு மாட்டிக்கினா இடுப்புக்குப் போடவும் இதுதான்.

இன்னொண்ணு வைக்கோல் பாரம் கட்டறது. கயித்து நடுவுல ஒரு காது போட்டு, நுனியை வண்டிக் கொக்கியில மாட்டித் திருப்பிக் கொண்டாந்து காதுல கோத்து இழுத்தா கப்பி மாதிரி வேலை செய்யும். டெண்ட் கயிறு தொய்யாம இருக்கவும் இது சரியா வரும்.

1944ல ஆஷ்லின்னு ஒரு அமெரிக்கர் முடிச்சுகளைப் படம் போட்டு, 3,800க்கும் மேல குறிப்புகளோட புத்தகமாவே எழுதியிருக்கார். படிக்க ஆசையிருந்தா படிங்க. காட்டுல தங்க எனக்குத் தெரிஞ்சு இந்த மூணு போதும். யூடியூப்ல பாத்தா எல்லாரும் இறுக்கிக் கட்டத்தான் சொல்லித் தர்றாங்க. அவிழ்க்கறதை யாரும் காட்டறதில்ல. எங்க ஊர்ப் பசங்களுக்கும் இப்ப சங்கிலியும் கொக்கியும்தான் தெரியும்.

கொட்டாய் தூண்ல இப்ப ஒரு பழைய அருவாள் சொருகி வெச்சிருக்கேன். நீங்க மலைக்குக் கிளம்பற முன்னாடி, வீட்டு ஜன்னல் கம்பியில கயித்தைக் கட்டி, தண்ணி ஊத்தி நனைச்சு, லைட்டை அணைச்சிட்டு ஒருதரம் அவிழ்த்துப் பாருங்க.