தங்கவயலின் முடியாத கணக்கு

பாலாறு நம் ஊர்களை வந்தடையுமுன் வேறோர் ஊரின் தாகத்தைத் தணித்துவிட்டு வருகின்றது. நந்திமலைப் பகுதியில் பிறந்து, கோலார் மாவட்டத்துப் பேத்தமங்கலம் ஏரியில் தேங்கி, ஆந்திரம் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர் வழியே கீழிறங்கும் அவ்வாற்றின் நீரே நெடுங்காலம் கோலார் தங்கவயலின் குடிநீராக இருந்தது. ஆறு வந்த திசைக்கு எதிர்த்திசையில் நம் மாவட்டத்து ஏழைகள் நடந்தனர். வட ஆர்க்காட்டிலும் சித்தூரிலும் சேலத்திலும் நிலமின்றிக் கூலிக்கு உழன்ற குடும்பங்கள், பெரும்பாலும் ஆதிதிராவிட மக்கள், பண்ணையாரின் களத்தைவிடப் பாதாளம் மேல் என்று எண்ணிச் சென்ற ஊர் அது.

எங்கள் வகுப்பில் பயிலும் மாணவர் ஒருவர், குடியாத்தம் பக்கத்துச் சிற்றூரினர், சென்ற ஆண்டு தம் பாட்டனாரைக் காண என்னை அழைத்துச் சென்றார். பெரியவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறையைத் துளையிட்டவர். இரண்டு சொற்றொடருக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கியே பேசினார். "நட்டம் நட்டம்னு சொல்லி மூடினாங்க ஐயா. எங்க மூச்சை எந்தக் கணக்குல எழுதினாங்க?" என்று கேட்டார். வணிகவியல் ஆசிரியரிடம் கேட்கவேண்டியதைத் தமிழாசிரியனிடம் கேட்கின்றாரே என்று அப்பொழுது நினைத்தேன். வீடு திரும்பிய பின்னர் அக்கேள்வி என்னை விடவில்லை. இக்கட்டுரை அதற்கு நான் தேடிக்கொண்ட விடையே.

தங்கவயலின் கதை பலரும் அறிந்ததே. ஆதலின் சுருங்கச் சொல்கின்றேன். 1802ஆம் ஆண்டில் மைசூர் நாட்டின் எல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, மாரிக்குப்பம், உரிகம் பக்கத்து மக்கள் மண்ணைக் கழுவிப் பொன்துகள் எடுப்பதைக் கண்டு எழுதிவைத்தார். எழுபது ஆண்டுகள் கழித்து அக்குறிப்பைப் படித்த லவெல் என்னும் அயர்லாந்துக்காரர் மைசூர் அரசிடம் உரிமம் பெற்றார். 1880இல் இலண்டனின் ஜான் டெய்லர் நிறுவனத்தார் வந்தனர். அதன்பின் தங்கவயல் உலகப்புகழ் பெற்றது. 1902இல் சிவசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து எடுத்த மின்சாரம், ஏறத்தாழ நூற்றைம்பது கிலோமீட்டர் கம்பி வழியே முதலில் வந்தது இச்சுரங்கங்களுக்குத்தான். பெங்களூர் நகரம் அதற்காக 1905 வரை காத்திருந்தது.

அம்மின்சாரமும் இயந்திரமும் என்ன செய்தன? மனிதனை மேலும் ஆழத்திற்கு இறக்கின. பொன்தாங்கிய பாறை பூமிக்குள் சாய்வாகச் செல்ல, அதன் பின்னாலேயே சுரங்கமும் சென்றது. சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் அறுபது பாகை செல்சியசைத் தாண்டும். குளிர்வித்த காற்றை மேலிருந்து செலுத்தினாலன்றி ஒரு மணி நேரமும் நிற்க இயலாது. மேலுள்ள மலையின் பாரத்தைத் தாங்காது பாறை தானாகவே வெடித்துச் சிதறும் விபத்து அங்கு அடிக்கடி நிகழ்ந்தது. அத்தகைய வெடிப்பு நிகழ்ந்தால் மேலே ஊரிலுள்ள வீடுகளும் அதிரும். அடுப்படியில் நிற்கும் பெண்கள் அப்படியே போட்டது போட்டபடி சுரங்க வாயிலுக்கு ஓடுவார்கள் என்று பெரியவர் சொன்னார். இவ்வளவு ஆழத்தின் அமைதியை அறிவியலாரும் பயன்படுத்திக்கொண்டனர். வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோ என்னும் நுண்துகளை 1965இல் உலகில் முதன்முதலாகக் கண்டறிந்த இடங்களுள் இச்சுரங்கமும் ஒன்று.

துளையிடும்போது எழும் கல்தூசி கண்ணுக்குத் தெரியாதது. அது நுரையீரலில் படிந்து இறுகி உண்டாக்கும் நோய்க்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். இந்தியாவில் இந்நோய் முதலில் வெளிச்சத்திற்கு வந்தது தங்கவயலில்தான். 1940களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரை மருத்துவர்கள் சோதித்தபோது, நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அந்நோய் இருந்தது. மருந்தில்லாத நோய். வேலையை விட்டு நின்றபிறகும் வளரும் நோய். பெரியவர் கேட்ட மூச்சுக்கணக்கின் முதல் வரி இதுவே.

உழைத்தவர்கள் வாய்மூடி இருந்தவர்கள் அல்லர். 1930இல் ஒவ்வொரு தொழிலாளியும் விரல்ரேகை பதியவேண்டும் என்று நிருவாகம் ஆணையிட்டபொழுது, எங்களைக் குற்றவாளி இனமாக்குகின்றீர்களா என்று கேட்டு ஏறத்தாழ மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தனர், ஆணை பின்வாங்கப்பட்டது. 1946 நவம்பரில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் அறுவர் மாண்டனர். தமிழ்த்துறை மாணவர்கள் மனங்கொள்ள வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் 1914இல் மறைந்த பின்னர், அவருடைய 'தமிழன்' இதழை 1926 முதல் மீண்டும் நடத்தியவர் தங்கவயலின் அப்பாதுரையார். பண்டிதரின் பௌத்த நூல்களைப் பதிப்பித்து நாட்டுக்களித்ததும் அவ்வூரே. சுரங்கத்திலிருந்து ஏறி வந்த கை நூலைத் தொட்டது. அதற்குரிய இடத்தை நம் இலக்கிய வரலாறுகள் இன்னும் தரவில்லை என்பது என் கருத்து. திரைப்படங்களால் இன்றைய இளைஞர்கள் அறிந்துள்ள தங்கவயல் வேறு. அதில் துப்பாக்கி மிகுதி, துளைப்பொறி குறைவு.

இனி நட்டத்தைப் பற்றிப் பேசுவோம். தொடக்க ஆண்டுகளில் ஒரு டன் பாறையில் நாற்பது கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்தது. மூடுங்காலத்தில் அது ஐந்து கிராமைக்கூட எட்டவில்லை. ஆழமோ கூடிக்கொண்டே போயிற்று. ஆகவே வளம் குன்றியது உண்மை. அதை மறுப்பது நேர்மையன்று. எனினும் வளமிருந்த காலத்தின் ஆதாயம் எங்கே சென்றது என்று கேட்க நமக்கு உரிமையுண்டு. முக்கால் நூற்றாண்டு அது இலண்டனுக்குச் சென்றது. 1956இல் மைசூர் அரசும், 1962இல் நடுவணரசும் சுரங்கங்களை ஏற்றன. 1962க்குப் பிறகு எடுத்த தங்கம் நாட்டின் இருப்புக்குச் சென்றது. அதற்கு வைக்கப்பட்ட விலை சந்தை விலையன்று, உலக நாணய நிதியத்தின் விலை. அவுன்சுக்கு 35 டாலர்; அன்றைய நாணயமாற்றில் பத்து கிராமுக்கு ரூபாய் 53.58. அதே 1962இல் கடைத்தெருவில் பத்து கிராம் நூறு ரூபாயைத் தாண்டி விற்றது. பாதி விலைக்குப் பொருளை எடுத்துக்கொண்டு, கடை நட்டத்தில் ஓடுகின்றது என்று கடைக்காரனைக் குறைகூறினால் நம் ஊர் வணிகப் பெருமக்கள் ஒப்புவார்களா? நாட்டின் அந்நியச் செலாவணிக்கு இருப்பு வேண்டியிருந்தது. அது நியாயமான தேவை. அத்தேவைக்காக உண்டான பள்ளத்தை நட்டம் என்று தொழிலாளியின் பெயரில் எழுதியதுதான் நியாயமன்று.

1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. இருபது ஆண்டுகளில் அது நலிவுற்ற தொழில் ஆயிற்று. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ எண்ணூறு டன் தங்கம் தந்த ஊரில், மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் வேலை இழந்தனர். நிறுவனத்தின் மருத்துவமனையும் மூடப்பட்டது. சிலிக்கோசிஸ் மட்டும் மூடப்படவில்லை. அவர்தம் பிள்ளைகள் இன்றும் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவு திரும்புகின்றனர். சுரங்கத்தை மூடியதை நான் குறைகூறவில்லை. மூடியவர்கள் உழைத்தவனுக்குரிய கணக்கை முடிக்காமலே கதவைச் சாத்தினார்கள் என்பதே என் குறை.

இதை இப்பொழுது எழுதக் காரணம் உண்டு. தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய கழிவு, ஊருக்குள் பதின்மூன்று மேடுகளாகக் கிடக்கின்றது. சயனைடு மேடுகள் என்று மக்கள் சொல்வர். ஏறத்தாழ 3 கோடியே 30 இலட்சம் டன். புல் முளைக்கத் தயங்கும் அம்மேடுகளின் தூள், காற்றுக்காலத்தில் வீடுகளுக்குள் வந்து படியும். சோற்றுப் பானையை மூடி வைத்தே பழகிய ஊர் அது. அம்மேட்டு மண்ணில் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகத் தங்கம் எஞ்சியிருக்கின்றது. மொத்தம் இருபது டன்னுக்கு மேல் தேறும் என்று மதிப்பிட்டுள்ளனர். 2001இல் பத்து கிராம் ஐயாயிரம் ரூபாய்க்கும் கீழே இருந்தது. 2025இல் ஓர் இலட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆகவே மேடுகளின்மீது எல்லோருக்கும் கண் விழுந்திருக்கின்றது. 2024 சூன் மாதம், ஆயிரம் ஏக்கர் பரப்பில் கிடக்கும் அம்மேடுகளை மீண்டும் பதப்படுத்தும் நடுவணரசின் திட்டத்திற்குக் கருநாடக அமைச்சரவை இசைவளித்தது.

இங்குத்தான் நம் பாலாற்றங்கரை அனுபவம் பேச வேண்டும். தோல் பதனிடும் தொழிலால் இவ்வாறு கெட்டதும், 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் வழக்கில் மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்ததும் நம்முள் மூத்தோர் அறிந்ததே. அத்தீர்ப்பு நமக்குக் கசந்தது. தொழில்கள் சில தடுமாறின. ஆயினும் தோல்மண்டிக்கும் சிறு பதனிடுசாலைக்கும் பொருந்திய நீதி, அரசே உரிமையாளராக இருந்த தங்கவயலுக்கு ஏன் பொருந்தலாகாது? மேட்டைக் கிளறும் முதல் இயந்திரம் ஊருக்குள் நுழையுமுன், முன்னாள் தொழிலாளர் அனைவருக்கும் அவர்தம் இல்லத்தார்க்கும் நுரையீரல் சோதனை நடைபெற வேண்டும். கிளறும்போது எழும் தூளுக்கு யார் பொறுப்பு என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். அம்மண்ணிலிருந்து வரும் பொன்னின் ஒரு பங்கு, ஒரு நல்ல மருத்துவமனையாக அவ்வூரிலேயே நிற்க வேண்டும். இவை சலுகைகள் அல்ல, பாக்கி.

கோரிக்கை வைப்பதோடு நம் வேலை முடியவில்லை. சுரங்கத் தொழிலாளர் பேசிய தமிழ், கன்னடமும் தெலுங்கும் ஆங்கிலமும் கலந்து அவர்களே ஆக்கிக்கொண்ட தொழிற்சொற்கள், அவர்கள் கண்ட விபத்துகள், பெற்ற கூலி, இருமிய ஆண்டுகள் ஆகிய எதுவும் முறையாக எழுதப்படவில்லை. சொல்லத்தக்கவர்கள் எழுபதைக் கடந்துவிட்டனர். நாளை எவரேனும் இழப்பீடு கேட்டால் சான்று எங்கே என்பார்கள். வரும் கோடை விடுமுறையில் நம் துறை மாணவர் சிலர் ஒலிப்பதிவுக் கருவியுடன் பேரணாம்பட்டு, குடியாத்தம் சிற்றூர்களுக்கும் தங்கவயலுக்கும் செல்ல எண்ணியுள்ளோம். பாட்டனாரோ பாட்டியாரோ தங்கவயலில் வாழ்ந்தவர்கள் என்று சொல்லும் மாணவர்கள், அவர்தம் ஊரையும் பணியாற்றிய சுரங்கத்தின் பெயரையும் எழுதித் தமிழ்த்துறையில் கொடுக்கலாம். குடியாத்தத்துப் பெரியவரின் பெயர் அப்பட்டியலில் முதலாவதாக உள்ளது. அவருடைய பணிப்பதிவேட்டையும் பழைய மார்பு எக்ஸ்ரே படத்தையும் பேரன் தேடி எடுத்து வைத்திருக்கின்றார்.