திறக்காத பக்கமும் சொல்லப்படாத காரணமும்

இணையப் பக்கமொன்று திறக்க மறுக்கும்போது கணினித் திரை நமக்குச் சொல்வது பெரும்பாலும் ஒரே வாசகத்தைத்தான்: பக்கத்தைக் காட்ட முடியவில்லை. கடலடிக் கேபிள் அறுந்தாலும் அதே வாசகம். வீட்டு ரவுட்டர் செயலிழந்தாலும் அதே வாசகம். அரசாங்கம் தடை விதித்தாலும் பல வேளைகளில் அதே வாசகம். கோளாறுக்கும் கட்டளைக்கும் வேறுபாடு காட்டாத இந்த மௌனம் சாதாரணமானதன்று என்பதே என் கருத்து.

இலங்கையர் இம்மூன்றையும் கண்டவர்கள். 2004 ஓகஸ்டில் கொழும்புத் துறைமுகத்தருகே ஒரு கப்பலின் நங்கூரம் கடலடிக் கேபிளை அறுத்தது. நாட்டின் வெளியுலக இணையத் தொடர்பில் பெரும்பகுதி முடங்கிற்று. 2007 ஜூனில் தமிழ்நெட் இணையத்தளம் இலங்கையில் திறக்காமற் போனது. அது நங்கூரத்தின் வேலையன்று. லண்டனிலும் டொரன்டோவிலும் அதே தளம் தடையின்றித் திறந்தது. கொழும்பு வாசகருக்கோ திரையில் எந்தக் காரணமும் காட்டப்படவில்லை.

கண்டியில் வாழும் எங்களுக்கு இது மிக நெருக்கமாக உறைத்தது 2018 மார்ச் மாதத்தில். தெல்தெனியவில் தாக்கப்பட்ட லொறிச் சாரதி ஒருவர் உயிரிழந்ததைத் தொடர்ந்து திகன, அக்குறணை, கட்டுகஸ்தோட்டைப் பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. எரிந்த வீடொன்றிலிருந்து ஓர் இளைஞரின் சடலம் மீட்கப்பட்டது. ஊரடங்குச் சட்டம் அமுலாயிற்று. மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமானது. மறுநாள் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் ஆகியன தடுக்கப்பட்டன. பேஸ்புக் மீதான தடை மார்ச் 15ஆம் திகதிதான் நீங்கியது.

தடை பற்றிய செய்தி தொலைக்காட்சியில் வந்தது உண்மை. ஆனால் மின்சாரம் இல்லாதவரும் வீட்டைவிட்டு உறவினர் இல்லத்தில் ஒதுங்கியிருந்தவரும் அதைப் பார்த்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க இயலுமா? எனக்குத் தெரிந்த கணினி திருத்துநர் ஒருவர், ஊரடங்கு தளர்ந்த வேளைகளில் தம்மிடம் வந்தவர்களைப் பற்றிச் சொன்னார். ஒருவர் ரவுட்டரைத் தூக்கி வந்தாராம். ஒரு தாய் கைத்தொலைபேசியைக் கொடுத்து, “கட்டாரிலுள்ள மகனுக்கு நாங்கள் உயிரோடு இருப்பதைச் சொல்ல வேண்டும், இதைத் திருத்தித் தாருங்கள் தம்பி” என்று கேட்டாராம். திருத்துவதற்கு அதில் ஒரு பழுதும் இருக்கவில்லை.

ஆகவே பழுது எங்கே இருக்கிறது என்று கண்டறியும் எளிய முறையை எல்லோரும் அறிந்திருத்தல் நன்று. முதலில் வேறொரு தளத்தைத் திறந்து பாருங்கள். அதுவும் திறக்காவிட்டால் ரவுட்டரையோ இணைப்பையோ சந்தேகிக்கலாம். ஒரு தளம் மட்டும் திறக்கவில்லையானால் வேறோர் உலாவியில் முயன்று பாருங்கள். அதில் திறந்தால், பழைய உலாவியில் தேங்கிய தற்காலிகக் கோப்புகளோ அதில் சேர்த்த நீட்சிகளோ காரணமாகலாம். பாதுகாப்பற்ற இணைப்பு என்ற எச்சரிக்கை வந்தால் கணினியின் திகதியைப் பாருங்கள். உள்ளேயிருக்கும் சிறு பற்றரி தீர்ந்து திகதி பின்னோக்கிப் போயிருந்தால், தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களைக் கணினி ஏற்க மறுக்கும். மிகப் பழைய கணினிகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 2021 செப்டெம்பர் 30ஆம் திகதி பரவலாகப் பயன்பட்ட மூலச் சான்றிதழ் ஒன்று காலாவதியானபோது, புதுப்பிக்கப்படாத பல கருவிகளில் எண்ணற்ற தளங்கள் திறக்காமற் போயின.

இவை எதுவுமில்லையெனில், வேறொரு நிறுவனத்தின் கைத்தொலைபேசி இணைப்பில் முயலுங்கள். பிறகு வெளிநாட்டிலுள்ள உறவினர் ஒருவரிடம் அதே முகவரியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். உள்நாட்டில் எந்த இணைப்பிலும் திறக்காதது அங்கே உடனே திறந்தால், பழுது உங்கள் மேசையில் இல்லை. உலகெங்கும் சிதறிக் கிடக்கும் நம்மவருக்கு இந்தச் சோதனை ஒரு தொலைபேசி அழைப்பின் தூரம்தான்.

எல்லாத் தடையும் தவறென்று நான் வாதிடவில்லை. அந்த வன்முறையின்போது வெறுப்புப் பதிவுகள் பரவியது மறைக்க முடியாத உண்மை. அதில் தன் தளத்துக்கிருந்த பங்குக்காக பேஸ்புக் நிறுவனமே 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கோரியது. ஆனால் கலகக்காரனின் வாயை அடைக்கும் கதவு, உதவி கேட்பவரின் வாயையும் அடைக்கிறது. அடைத்தேதான் ஆகவேண்டுமெனில், அடைத்தவர் தம் பெயரைக் கதவில் எழுத வேண்டும்.

அதற்கு வழி ஏற்கெனவே உண்டு. 404 என்ற எண்ணைப் பலரும் அறிவர். தேடிய பக்கம் இல்லை என்பது அதன் பொருள். சட்டக் காரணத்தால் தடுக்கப்பட்ட பக்கத்துக்கென 451 என்ற தனி எண் 2016 பெப்ரவரியில் இணைய நியமமாக வெளியிடப்பட்டது. நூல்களை எரிக்கும் அரசொன்றைச் சித்திரித்த ரே பிராட்பரியின் நாவலை நினைவூட்டும் எண் அது. தடையைக் கோரியவர் யார், எந்தச் சட்டத்தின்கீழ் என்பவற்றையும் பக்கத்தில் விளக்குமாறு அந்த நியமம் பரிந்துரைக்கிறது. மறையாக்கம் பெற்ற இன்றைய தளங்களில் இடையிலுள்ள இணைய நிறுவனம் இத்தகைய அறிவிப்பைச் செருகுவது கடினம் என்று தொழில்நுட்பவியலாளர் கூறுவர். சரிதான். ஆனால் குறுஞ்செய்தி அனுப்புவது கடினமன்று. எந்தத் தளம், எவருடைய கட்டளை, எந்தச் சட்டம், எத்தனை நாள் என்று மூன்று மொழிகளிலும் நான்கு வரிகள் போதும்.

2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னரும் மே மாதத்திலும் தடைகள் வந்தன. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, மக்கள் போராட்டத்தின் முன்னே விதிக்கப்பட்ட தடை ஒரு நாள்கூட நிலைக்கவில்லை. அன்று அமைச்சராயிருந்த நாமல் ராஜபக்ஷவே, தாம் வீ.பி.என். பயன்படுத்துவதாகவும் இத்தகைய தடைகள் பயனற்றவை என்றும் பகிரங்கமாக எழுதினார். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் தளங்களை முடக்கக் கட்டளையிடும் அதிகாரத்தை எழுத்திலேயே வகுத்தது. அதிகாரம் எழுத்தில் இருக்கும்போது அறிவித்தலும் எழுத்தில் இருக்க வேண்டாமா?

தண்ணீர் வெட்டுக்கும் மின்வெட்டுக்கும் முன்னறிவித்தல் கேட்டுப் பழகிய மக்கள் நாம். இணைய வெட்டுக்கும் அதையே கேட்போம்.