எஸ்கலேட்டருக்குக் கீழே

"படிக்காட்டி ரோடு கூட்டத்தான் போகணும்."

இந்த வசனத்தை ஒரு தடவையாவது சொல்லாத ஆசிரியர் எம்மில் எத்தனை பேர்? தவணைப் பரீட்சையில் புள்ளி குறைந்த பிள்ளையிடம் சொல்கிறோம். அப்பியாசக் கொப்பி கொண்டு வராத பிள்ளையிடம் சொல்கிறோம். நாம் அதைச் சொல்லும் நேரத்தில் வகுப்பறைக்கு வெளியே ஒரு சிற்றூழியர் விறாந்தையைக் கூட்டிக் கொண்டிருப்பார். அவருக்கும் காது கேட்கும் என்பது எமக்குத் தோன்றுவதே இல்லை.

போன கிழமை தரம் 10 பிள்ளைகளோடு தீ விபத்துகளைப் பற்றிப் பேச வேண்டி வந்தது. உதாரணத்துக்கு எடுத்தது லண்டன் கிங்ஸ் குரொஸ் சுரங்க ரயில் நிலையத்தில் நடந்த தீ விபத்து. பாடம் முடிந்த பிறகுதான் மேலே சொன்ன வசனம் எமக்கே குத்தத் தொடங்கியது.

1987 நவம்பர் 18. வேலை முடிந்து சனம் வீடு திரும்பும் நேரம், இரவு ஏழரை மணி. பிக்கடிலி பாதையிலிருந்து மேலே வரும் எஸ்கலேட்டர் ஒன்றின் கீழே தீ பிடித்தது. அந்தக் காலத்து எஸ்கலேட்டர், படிகளும் பக்கங்களும் மரம். நிலையத்துக்குள் புகைபிடிக்கத் தடை வந்து இரண்டு வருடங்களுக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் வெளியே போகிற அவசரத்தில் எஸ்கலேட்டரில் நின்றபடியே சிகரெட் பற்ற வைக்கிற பழக்கம் சிலருக்கு விடவில்லை. அப்படி யாரோ போட்ட ஒரு நெருப்புக் குச்சி, படிக்கும் பக்கச் சுவருக்கும் இடையிலிருந்த இடுக்கால் கீழே விழுந்தது. சுமார் கால் மணித்தியாலத்தில் டிக்கட் மண்டபம் முழுவதும் ஒரே வீச்சில் தீப்பிடித்தது. 31 பேர் இறந்தார்கள்.

ஒரு குச்சியால் இவ்வளவும் நடக்குமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. குச்சி தனியாக எதையும் செய்யவில்லை. படிகள் ஓடும் பாதையில் கிறீஸ் பூசியிருந்தது. அந்தக் கிறீஸில் தலைமயிர், உடுப்பு நூல், கடதாசித் துண்டு, தூசி எல்லாம் வருடக்கணக்கில் ஒட்டி ஒரு மெத்தை போலப் படிந்து கிடந்தது. விசாரணைக்குத் தலைமை தாங்கிய டெஸ்மண்ட் ஃபென்னலின் அறிக்கை 1988இல் வெளிவந்தது. அந்த எஸ்கலேட்டர் போடப்பட்ட காலம் தொடக்கம் அதன் ஓடுபாதை ஒரு தடவைகூட முழுமையாகச் சுத்தம் செய்யப்படவில்லை என்று அதில் இருக்கிறது. அதற்கு முன்பும் குச்சிகள் விழுந்து மரம் கருகி, தானாக அணைந்து போன அடையாளங்களும் கண்டுபிடிக்கப்பட்டன. நிர்வாகத்தில் இருந்தவர்கள் அந்தச் சிறு தீக்களைத் 'தீ' என்று அழைக்கவே விரும்பவில்லை. 'புகைச்சல்' என்றுதான் சொல்வார்களாம். இவ்வளவு பழைய ரயில் பாதையில் அது நடக்கத்தான் செய்யும் என்று பழகிப் போயிருந்தார்கள்.

மேலே நின்று பார்த்தால் அந்த எஸ்கலேட்டர் சுத்தமாகத்தான் இருந்திருக்கும். பயணியின் சப்பாத்து படும் இடத்தைத் தினமும் யாரோ கூட்டியிருப்பார்கள். கீழேயுள்ள இடம் யாருடைய கண்ணிலும் படவில்லை. நாம் சொல்ல வருவது இதைத்தான்: கூட்டுவது அழகுக்கான வேலை என்று நினைத்தால், கண்ணுக்குத் தெரிகிற இடத்தோடு அது நின்றுவிடும். உயிர் காக்கும் வேலை என்று விளங்கினால்தான் கீழே குனிந்து பார்ப்போம்.

சுரங்கத்துக்குள் அழுக்கு எப்படிப் போகிறது என்பதும் படிப்பிக்க நல்ல விடயம். சைக்கிள் பம்புக்குள் தண்டு போவது போலத்தான் குழாய்க்குள் ரயில் ஓடுகிறது. முன்னாலுள்ள காற்றைத் தள்ளிக்கொண்டு போகும், பின்னால் இழுக்கும். மேடையில் நிற்கும் ஆயிரக்கணக்கானோரின் தலைமயிரும் தோல் துகளும் உடுப்புப் பஞ்சும் அந்தக் காற்றோடு சுரங்கத்துக்குள் போய்ப் படிகின்றன. சக்கரமும் தண்டவாளமும் பிரேக்கும் தேய்ந்து விழும் இரும்புத் தூளும் அதில் சேர்கிறது.

இதை யார் எடுப்பது? பின்னிரவில் கடைசி ரயில் போய், தண்டவாள மின்சாரம் துண்டிக்கப்பட்ட பிறகு, முதல் ரயில் வருவதற்குள் கிடைக்கும் சில மணித்தியாலங்களில் ஆட்கள் நடந்து போய்க் கையால் எடுக்க வேண்டும். லண்டனில் அவர்களுக்கு 'ஃப்ளஃபர்' என்று பெயர், பஞ்சு பொறுக்குபவர் என்று வைத்துக்கொள்ளலாம். நீண்ட காலமாக அதில் பெண்களே அதிகம். 1970களில் பழைய ரயில் பெட்டிகளைக் கொண்டு தூசி உறிஞ்சும் ரயில் ஒன்றைக்கூடச் செய்து பார்த்தார்கள். ஆனாலும் கை வேலை ஒழியவில்லை. கேபிளுக்குப் பின்னாலும் தண்டவாளத்துக்கு அடியிலும் இருப்பதை இயந்திரத்தை விடக் கைதான் நன்றாக எடுக்கும்.

நியூயோர்க்கைப் பாருங்கள். 1904 தொடக்கம் இரவு பகலாக ஓடிய சப்வேயை, கொரோனா காலத்தில் 2020 மே மாதம் முதல் ஒவ்வோர் இரவும் ஒரு மணி தொடக்கம் ஐந்து மணி வரை மூடினார்கள், துடைப்பதற்காக. கம்பி, கதிரை, கைபிடி எல்லாம் மருந்து போட்டுத் துடைத்தார்கள். ஒப்பந்தக் கம்பனிகள் மூலம் வந்த குடியேற்றவாசிகள் பலரும் அந்த வேலையைச் செய்தார்கள். ஒரு வருடத்தின் பின், தொட்ட இடத்தால் தொற்றும் ஆபத்து குறைவு என்று அமெரிக்கச் சுகாதார நிறுவனமே சொன்னது. துடைத்தது பிழை என்று நாம் சொல்லவில்லை, அந்த நேரத்தில் யாருக்குத்தான் எது தெரியும்? எங்கள் ஊரிலும் கதவுக் கைபிடிக்கு மருந்தடித்தோம். ஆனால் பயணி காணும் கம்பியைத் துடைக்கக் காசு இலகுவாகக் கிடைக்கும். ஒருவரும் காணாத இடத்துக்குக் காசு கேட்டால் "இப்ப அது அவசியமா?" என்பார்கள்.

அந்த வேலையைச் செய்பவருக்குக் கிடைப்பது என்ன? லண்டனில் ரயில் நிறுவனத்தின் நிரந்தர ஊழியர்களுக்கு இலவசப் பயணம் எப்போதோ இருந்தது. அதே நிலையத்தைக் கூட்டும் ஒப்பந்தத் தொழிலாளி, தான் கூட்டும் நிலையத்துக்கு வரவே டிக்கட் வாங்கினார். தொழிற்சங்கம் வருடக்கணக்கில் போராடியது. அவர்களுக்கும் இலவசப் பயணம் கொடுப்பதாக மேயர் ஸாதிக் கான் அறிவித்தது 2023இல்தான்.

லண்டனைக் குறை சொல்வது இலகு. மஸ்ஜிதுந் நபவியைக் கூட்டி வந்த பெண் இறந்தபோது, நபியவர்களை எழுப்பும் அளவுக்கு அது பெரிய விடயமில்லை என்று நினைத்து இரவோடிரவாக அடக்கிவிட்டார்கள். நபியவர்கள் விசாரித்து, கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கே போய்த் தொழுதார்கள். இதை எத்தனை ஜும்ஆக்களில் கேட்டிருக்கிறோம்? கேட்டுவிட்டு வந்து திங்கட்கிழமை வகுப்பில் அதே வசனத்தைத்தான் சொல்கிறோம்.

பாடத்தின் முடிவில் ஒரு பிள்ளை கேட்டான்: "சேர், எங்கட மேடைக்குக் கீழ என்ன இருக்கு?"

போய்ப் பார்த்தோம். உடைந்த கதிரைகள், பத்து வருடத்துப் பரீட்சைத் தாள்கள், கலைவிழாவின் கடதாசிப் பூக்கள். அவற்றுக்கு மேலால் மின்வயர் ஒன்று போகிறது. சில இடங்களில் உறை உரிந்திருக்கிறது. அந்த மேடைக்கு முன்னால்தான் ஒவ்வொரு காலையும் பிள்ளைகளை நிறுத்துகிறோம்.

சிற்றூழியரிடம் மட்டும் ஒப்படைப்பதில்லை என்று ஆசிரியர் அறையில் பேசி முடிவெடுத்திருக்கிறோம். மின்சாரம் தெரிந்த பழைய மாணவர் ஒருவர் முதலில் வயரைப் பார்த்துத் துண்டித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்குகிறோம். பெற்றோரும் வரலாம். தும்புத்தடியும் முகக்கவசமும் கொண்டு வாருங்கள், தூசி கொஞ்சநஞ்சமல்ல.